பட்டியலில் பெயர் வருமா?

காத்திருப்பது நமக்கென்ன புதிதா? உலையில் அரிசி வேகக் காத்திருக்கிறோம். பால் பொங்கக் காத்திருக்கிறோம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பத்து மாதம் காத்திருக்கிறோம். ஆனால் இதிலெல்லாம் ஒரு நிம்மதி உண்டு. அரிசி வெந்துதான் தீரும். பால் பொங்கித்தான் ஆகும். வருமா, வராதா என்று தெரியாமல் காத்திருப்பது இருக்கிறதே, அதுதான் ஆளை உருக்கிவிடும். அதுவும் நமக்காக இல்லாமல் நாம் பெற்ற பிள்ளைக்காக என்றால் கேட்கவே வேண்டாம்!

இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று இதைப் பற்றியது. எழுதியவர் கும்பகோணத்துப் பாட்டி ஒருவர். இப்போது அமெரிக்காவில், நியூஜெர்ஸியில், மகள் வீட்டில் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தில் ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்.

"என் பேத்திக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பு. தேசம் முழுவதற்குமான ஏதோ விஞ்ஞான ஆராய்ச்சிப் போட்டியாம். குளத்துப் பாசியைப் பற்றி இரண்டு வருஷமாக ஆராய்ச்சி பண்ணி, நவம்பரில் எழுதி அனுப்பிவிட்டாள். ஜனவரியில் முன்னூறு பேர் பட்டியல் வருமாம். அதற்குள் இந்த வீடு படுகிற பாடு சொல்லி முடியாது. குழந்தை தட்டைத் தொட்டுவிட்டு எழுந்து போகிறாள். நேற்று ரசம் சாதம் இரண்டு வாய். அதையும் வாந்தி எடுத்துவிட்டாள். ராத்திரி இரண்டு மணிக்கு அவள் அறையில் விளக்கு எரிகிறது. என் பெண்ணோ அவளுக்கு மேல்! 'வந்தால் பெரிய காலேஜ், வராவிட்டால் எல்லாம் போச்சு' என்று போனில் மற்ற அம்மாக்களோடு ஓயாத பேச்சு. நூற்றெட்டுத் தேங்காய் வேண்டிக்கொண்டிருக்கிறாள். அதைக் குழந்தையிடமும் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளை வாயே திறப்பதில்லை. 'பாசியில் என்னடி ஆராய்ச்சி?' என்று ஒரு நாள் நான் கேட்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்னாள். பாதிதான் புரிந்தது. ஆனால் அப்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை, இங்கே வந்த இரண்டு மாதத்தில் நான் வேறு எப்போதும் பார்க்கவில்லை. இது என்ன போட்டி? எனக்கு இங்கிலீஷும் வராது, கார் ஓட்டவும் தெரியாது. இந்த வீட்டில் நான் என்ன செய்யட்டும்?"

பாட்டி, உங்கள் கேள்வி உங்கள் வீட்டுக் கேள்வி மட்டும் இல்லை. இங்கே பிளஸ் டூ ரிசல்ட்டுக்கும், நீட் ரிசல்ட்டுக்கும் காத்திருக்கும் வீடுகளிலும் இதே கதைதான். ஆகவே எல்லோருக்குமாகச் சேர்த்தே பேசுகிறேன்.

இது என்ன போட்டி?

அமெரிக்காவில் இதை 'ஸயன்ஸ் டாலண்ட் ஸர்ச்' என்கிறார்கள். விஞ்ஞானத் திறமையைத் தேடிக் கண்டுபிடிக்கும் போட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1942-ல் ஆரம்பித்தது. அந்த நாட்டின் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கான ஆராய்ச்சிப் போட்டிகளில் இதுதான் மிகப் பழையது. பணம் கொடுக்கும் கம்பெனி இரண்டு தடவை மாறிவிட்டது. முதலில் வெஸ்டிங்ஹவுஸ், 1998-லிருந்து இன்டெல், 2017-லிருந்து ரீஜெனரான் என்ற மருந்துக் கம்பெனி. போட்டியை நடத்துவது மட்டும் ஆரம்பத்திலிருந்து ஒரே சங்கம்தான்.

பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று. முதல் வருஷம், 1942-லேயே, முதல் பரிசு ஒரு பையனுக்கும் ஒரு பெண்ணுக்குமாகச் சேர்ந்து போயிற்று. அந்தப் பையன் பால் டெஷான் பின்னாளில் சிறுநீரக டாக்டரானார். கொரியா யுத்தத்தில் சிறுநீரகம் பழுதான போர்வீரர்களுக்கு டயாலிசிஸ் செய்து காப்பாற்றிய முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

இது நம் ஊர்ப் பரீட்சை மாதிரி மூன்று மணி நேரத்தில் எழுதி முடிக்கிற விஷயம் இல்லை. பிள்ளை தானே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் ஆராய்ச்சி செய்ய வேண்டும். அதை ஒரு கட்டுரையாக எழுத வேண்டும். தன்னைப் பற்றியும் எழுத வேண்டும். ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதங்களும் மார்க் விவரங்களும் போக வேண்டும். கூட்டுச் சேர்ந்து செய்ய முடியாது, தனி ஆளாகத்தான். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறவர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம். அதாவது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்பதே இதில் கிடையாது. உங்கள் பேத்தியின் தவிப்புக்கு இதுவும் ஒரு காரணம், பாட்டி.

சமீப வருஷங்களில் சுமார் 2,000 பேர், அதற்கு மேலும்கூட, எழுதி அனுப்புகிறார்கள். ஜனவரியில் 300 பேர் பட்டியல் வருகிறது. அவர்களுக்கு ஆளுக்கு 2,000 டாலர்; அவர்கள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தலைக்கு 2,000 டாலர். பிறகு அந்த 300-லிருந்து 40 பேரைப் பொறுக்கி, மார்ச் மாதம் வாஷிங்டனுக்கு அழைக்கிறார்கள். அங்கே ஒரு வாரம். முதல் பரிசு இரண்டரை லட்சம் டாலர். நம் பணத்தில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேலே! நாற்பதில் கடைசியாக வருகிறவருக்கும் 25,000 டாலர் உண்டு.

வாஷிங்டனில் நடுவர்கள் கேட்கும் கேள்விகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை செய்த ஆராய்ச்சியோடு விட்டுவிட மாட்டார்கள். பாசியை ஆராய்ந்த பெண்ணிடம் நட்சத்திரத்தைப் பற்றியும் கேட்பார்கள். மனப்பாடம் பார்ப்பதில்லை, தெரியாத கேள்வியை எப்படி யோசித்து அணுகுகிறாள் என்று பார்க்கிறார்கள். இன்னொரு அழகான வழக்கம்: நாற்பது பேரும் ஓட்டுப் போட்டுத் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நோபல் பரிசு பெற்ற ரசாயன விஞ்ஞானி க்ளென் ஸீபோர்க் பெயரில் அந்தக் கௌரவம். யார் கெட்டிக்காரர் என்று நடுவர்கள் சொல்லட்டும். எங்களில் யார் எங்களுக்காக எழுந்து நின்று பேசத் தகுந்தவர் என்று நாங்கள் சொல்கிறோம் என்கிற மாதிரி!

பெயர் வந்தவர்கள், வராதவர்கள்

இந்தப் போட்டியில் ஜெயித்தவர்களில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் பின்னால் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார்கள். ஷெல்டன் க்ளாஷோ, ஸ்டீவன் வைன்பர்க் என்று இரண்டு பேர். நியூயார்க்கில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. 1950-ல் இரண்டு பேருமே இந்தப் போட்டியில் தேறினார்கள். 1979-ல் இரண்டு பேரும் பௌதிகத்துக்கான நோபல் பரிசைச் சேர்ந்தே வாங்கினார்கள்.

இதைக் கேட்டதும், "பார்த்தாயா, நான் சொல்லவில்லை?" என்று அம்மா மகளைப் பார்ப்பாள். அவசரப்பட வேண்டாம். அந்த 1979-ஆம் வருஷப் பரிசில் மூன்றாவதாகப் பங்கு பெற்ற ஒருவர் இருக்கிறார். அப்துஸ் ஸலாம். இப்போது பாகிஸ்தானில் இருக்கும் ஜங் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். அவர் பெயர் எந்த அமெரிக்கப் பட்டியலிலும் வந்ததில்லை. ஆனால் கடைசியில் மூன்று பேரும் ஒரே மேடையில் நின்றார்கள்.

நம் ஸர் ஸி.வி. ராமனை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை பிரஸிடென்ஸி காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோதே, 1906-ல், அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. வயது 18. யார் வைத்த போட்டி அது? யாரும் இல்லை. ஒளி ஏன் இப்படி விழுகிறது என்று ஒரு கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு நியாயத்தையும் யோசிக்க வேண்டும். இந்தப் போட்டிக்கு வரும் ஆராய்ச்சிகளில் பல, பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கூடங்களில் பெரிய விஞ்ஞானிகளின் மேற்பார்வையில் நடந்தவை. அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கதவு சுலபமாகத் திறக்கும். பக்கத்தில் பல்கலைக்கழகமே இல்லாத ஊர்ப் பிள்ளைக்குத் திறக்காது. ஆகவே பட்டியல் என்பது கெட்டிக்காரத்தனத்தை மட்டும் நிறுத்துப் பார்க்கிற தராசு இல்லை. வந்தாலும் தலைகால் புரியாமல் ஆட வேண்டாம். வராவிட்டாலும் 'நான் மட்டம்' என்று குழந்தை நினைக்க வேண்டாம்.

ஏன் இந்த வயிற்றுக் கலக்கம்?

ரசம் சாதம் வாந்தியானதற்கு ரசம் காரணம் இல்லை, பாட்டி. பயமும் பதற்றமும் வரும்போது உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. நாய் துரத்தினால் ஓடுவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. இதயம் வேகமாக அடிக்கும். கை கால்களுக்கு ரத்தம் ஓடும். வயிற்றுக்கு ரத்தம் குறையும். ஜீரணம் மந்தமாகும், குமட்டும், பசி போய்விடும். நாய் துரத்தினால் பத்து நிமிஷத்தில் விஷயம் முடிந்துவிடும். ரிசல்ட் துரத்தினால்? இரண்டு மாதம்!

2016-ல் லண்டனில் ஒரு பரிசோதனை செய்தார்கள். 45 பேரைக் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று விளையாடச் சொன்னார்கள். திரையில் பாறைகள், அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் லேசான மின்சார அதிர்ச்சி. யாருக்கு அதிகப் பதற்றம் இருந்தது தெரியுமா? அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இல்லை. பாதிக்குப் பாதி, வரலாம் வராமலும் போகலாம் என்றிருந்தபோதுதான் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது! கெட்ட செய்தியைவிட, செய்தி தெரியாமல் இருப்பதுதான் மனுஷனை வாட்டுகிறது. 'எப்படியோ ஒன்று தெரிந்துவிட்டால் தேவலை' என்று நாம் சொல்வது சும்மா இல்லை.

கலிபோர்னியாவில் கேட் ஸ்வீனி என்ற மனோதத்துவப் பேராசிரியை, காத்திருப்பதைப் பற்றியே பல வருஷங்களாக ஆராய்ச்சி செய்து வருகிறார். வக்கீல் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக நாலு மாதம் காத்திருந்த 230 பேரைத் தொடர்ந்து கவனித்தார். 'நல்லதையே நினை' என்று மனசைத் தேற்றிக்கொண்டவர்கள், நினைக்காமலே இருக்கப் பார்த்தவர்கள், எல்லோரும்தான் இருந்தார்கள். இந்த உபாயங்கள் எதுவும் கவலையைப் பெரிதாகக் குறைக்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், காத்திருந்த காலத்தில் நன்றாகக் கவலைப்பட்டவர்கள், முடிவு வந்தபோது அதை நன்றாகவே தாங்கிக்கொண்டார்கள். தோற்றவர்கள் இடிந்து போகவில்லை. ஜெயித்தவர்கள் அதிகமாகவே சந்தோஷப்பட்டார்கள்.

ஆகவே குழந்தையிடம் "கவலைப்படாதே" என்று நாளைக்கு நூறு தடவை சொல்வதில் பயன் இல்லை. "கவலையாகத்தான் இருக்கும், கண்ணு. எனக்கும் இருக்கிறது" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அவள் தோள் கொஞ்சம் இறங்கும்.

அதே பேராசிரியையின் பிற்பாட்டு ஆராய்ச்சியில் ஒன்று உதவுவதாகத் தெரிந்தது. நேரம் போவதே தெரியாமல் மூழ்கிப்போகிற மாதிரி ஒரு வேலை. சும்மா டி.வி. பார்ப்பது இல்லை, கொஞ்சம் கஷ்டமாகவும் இருக்க வேண்டும், கைக்கு எட்டுவதாகவும் இருக்க வேண்டும். வயலின் வாசிப்பது, படம் வரைவது, புள்ளி தப்பாமல் பெரிய கோலம் போடுவது, பின்னல் வேலை இவையெல்லாம் அந்த ரகம்.

அம்மாக்களுக்கு நாலு வார்த்தை

அமெரிக்காவில் இருக்கும் அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். ஊர் விட்டு ஊர் போய், உறவு யாரும் இல்லாத இடத்தில் குடித்தனம் நடத்தி, பிள்ளையை இந்த அளவுக்குக் கொண்டுவந்தவள். 'நாம் பட்ட கஷ்டத்துக்கு ஒரு பலன் தெரியாதா' என்று அவள் நினைப்பது இயற்கை. ஆனால் அந்தப் பலன் பதினேழு வயதுப் பெண்ணின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டால் அவள் எப்படி நிமிர்ந்து நடப்பாள்?

ஒன்று: வேண்டுதல் வைக்கலாம், பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். அது உங்களுக்கும் சாமிக்கும் உள்ள கணக்கு. குழந்தைக்குத் தெரிந்தால், 'என் பெயர் வராவிட்டால் அம்மாவின் பிரார்த்தனையும் பொய்த்துப்போகும்' என்று இன்னொரு பாரம் ஏறும்.

இரண்டு: "எல்லாம் போச்சு" என்ற வார்த்தையை வீட்டை விட்டே துரத்துங்கள். அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த மாதங்களில் காலேஜ் அட்மிஷனுக்கும் காத்திருக்கிறார்கள். பல காலேஜ்களின் முடிவு மார்ச் கடைசியில்தான் வரும். ஒரு பட்டியல் வராததால் மற்றக் கதவுகள் மூடிப்போவதில்லை. செய்த ஆராய்ச்சி செய்ததுதான். அதை யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது.

மூன்று: மற்ற அம்மாக்களோடு பேசுவதை ஒரு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸப் குழுவில் ராத்திரி பதினொரு மணிக்கு, "உங்க பொண்ணுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டால் இரண்டு வீட்டில் தூக்கம் போகும்.

நாலு: செலவுக் கணக்கு பேசாதீர்கள். 'எத்தனை பணம், எத்தனை அலைச்சல்' என்று ஒரு தடவை வாய் தவறினாலும், குழந்தை அதை ஆயுசுக்கும் மறக்காது.

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. வாய் திறக்காமல் இருப்பது தைரியம் கொடுப்பதாக நினைத்துவிட வேண்டாம். 'அப்பாவுக்குக் கோபமோ' என்றுதான் குழந்தை நினைக்கும். ஞாயிற்றுக்கிழமை அவளோடு நாலு தெரு நடந்துவிட்டு வரட்டும். அங்கே டிசம்பர், ஜனவரியில் சாயங்காலம் நாலரை மணிக்கே இருட்டிவிடும். பகல் வெளிச்சத்தில் அரை மணி நடை உடம்புக்கும் நல்லது, தூக்கத்துக்கும் நல்லது.

பாட்டியின் வேலை

இங்கிலீஷ் வராது, கார் ஓட்டத் தெரியாது என்கிறீர்கள். அந்த வீட்டில் இப்போது மிகப் பெரிய வேலை உங்களுடையதுதான், பாட்டி.

தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடாதீர்கள். வயிறு கலங்கியிருக்கும்போது நிறையச் சாப்பிட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து தடவையாகக் கொடுங்கள். இரண்டு இட்லி, குழைவான தயிர் சாதம், பயத்தம்பருப்புக் கஞ்சி, ஒரு வாழைப்பழம் போதும். காரமும் எண்ணெயும் கொஞ்ச நாளைக்குக் குறையட்டும். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். சாயங்காலத்துக்கு மேல் காப்பி வேண்டாம். குடித்த காப்பியின் வேகத்தில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். படுக்கப் போகும்போது வெதுவெதுப்பாகப் பால் கொடுங்கள்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது டாக்டர்கள் கணக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கு எரிவது ஆராய்ச்சிக்காக இருக்காது. செல்போனில் அந்தப் போட்டியைப் பற்றிய பேச்சைத் தேடிக்கொண்டிருப்பாள். போனை வெடுக்கென்று பிடுங்கினால் சண்டைதான் வரும். "எல்லோர் போனும் ராத்திரி கூடத்தில்தான் சார்ஜ் ஆகும், அம்மா போனும் சேர்த்து" என்று வீட்டுக்கே ஒரு சட்டம் வைத்தால் மரியாதையாகவும் இருக்கும், பலிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, பாசியைப் பற்றி இன்னும் கேளுங்கள். புரியாத மிச்சப் பாதியைக் கேளுங்கள். "நம் மகாமகக் குளத்துப் பாசியும் இந்த ஜாதிதானா?" என்று கேளுங்கள். மற்றவர்கள் எல்லோரும் அவளிடம் 'ரிசல்ட் எப்போது' என்று கேட்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் 'என்ன கண்டுபிடித்தாய்' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு மணி நேர வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

ஒரு அம்மா காத்திருந்த கதை

1955-ல் இந்தப் போட்டியின் ஸ்காலர்ஷிப்பை வென்றவர்களில் ஒரு பையன், ரோல்ட் ஹாஃப்மன். 1981-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். யூதக் குடும்பம். அப்போது போலந்திலும் இப்போது உக்ரேனிலும் இருக்கும் ஊரில் 1937-ல் பிறந்தார். ஹிட்லரின் ஆட்கள் யூதர்களைத் தேடித் தேடிக் கொன்ற காலம். அவருடைய அப்பாவையும் 1943-ல் கொன்றுவிட்டார்கள். உக்ரேனியப் பள்ளி ஆசிரியர் ஒருவர், அம்மாவையும் பிள்ளையையும் பள்ளிக்கூடத்தின் பரணில் ஒளித்து வைத்தார். ஒன்றரை வருஷம் போல அந்தப் பரண்தான் வீடு. பிள்ளைக்கு ஐந்தாறு வயது. சத்தம் போடக்கூடாது. வெளியே போகக்கூடாது.

அந்தத் தாய் என்ன செய்தாள் தெரியுமா? பரணில் பழைய பாடப்புத்தகங்கள் கிடந்தன. அவற்றை வைத்துப் பிள்ளைக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தாள். பூகோளப் புத்தகத்தைக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தாள். பிறகு கேள்வி கேட்டாள். நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று தெரியாத இடத்தில், கடல்களையும் தேசங்களையும் பற்றிக் கேள்வி! 1949-ல் அவர்கள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். ஆறு வருஷத்தில் பையன் பெயர் பட்டியலில் வந்தது.

பட்டியலுக்காகவா அவள் பூகோளம் சொல்லிக்கொடுத்தாள்? இல்லை. அந்தந்த நாளைக் கடத்துவதற்காக. பிள்ளையின் மனசு இருட்டைப் பார்க்காமல் உலகத்தைப் பார்க்கட்டும் என்பதற்காக. காத்திருக்கும் காலத்தில் ஒரு தாய் செய்யக்கூடியது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முடிவு வரும் நாளன்று

எப்படிப் பார்க்கப் போகிறாள் என்பதை முன்கூட்டியே அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகவா, அம்மாவோடா, சிநேகிதியோடா? அவள் இஷ்டம். குடும்பமே கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றுகொண்டு அவள் முகத்தையே பார்ப்பது பெரிய கொடுமை.

பெயர் வந்திருந்தால் கட்டிக்கொள்ளுங்கள், திருஷ்டி சுற்றிப் போடுங்கள். உடனே "அந்த நாற்பதிலும் வந்துடுவாயோல்லியோ?" என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு நாளாவது அந்தச் சந்தோஷம் முழுசாக இருக்கட்டும். அவளுடைய சிநேகிதி பெயர் வராமல் இருக்கலாம். அந்தக் குழந்தைக்கு ஒரு வார்த்தை போன் பண்ணச் சொல்லுங்கள்.

பெயர் வராவிட்டால் முதல் அரை மணி நேரம் ஒன்றுமே சொல்லாதீர்கள். "விடு, இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?" என்று சொல்வது ஆறுதல் இல்லை. அவளுக்குப் பெரிய விஷயம்தான். இரண்டு வருஷம் உழைத்திருக்கிறாள். அழுதால் அழட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். "யாருக்கு வந்தது?" என்று பட்டியலைத் துருவி, தெரிந்த பெயர்களை வாசிக்க வேண்டாம். "நடுவர்கள் பாரபட்சம்" என்று திட்டவும் வேண்டாம். இரண்டு நாள் கழித்து, "அந்தப் பாசி விஷயத்தில் அடுத்தது என்ன செய்யப் போகிறாய்?" என்று கேளுங்கள். பதில் வந்தால் குழந்தை தேறிவிட்டாள்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் சரியில்லை, யாரோடும் பேசுவதில்லை, "நான் எதுக்கும் லாயக்கில்லை", "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரி வார்த்தை வருகிறது என்றால், 'சரியாகிவிடும்' என்று நாள் கடத்தாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே! தனியாக விடாதீர்கள். அமெரிக்காவில் 988 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் எந்நேரமும் பேசுவார்கள். நம் நாட்டில் டெலி-மானஸ், 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். மனசுக்கு டாக்டரைப் பார்ப்பதில் வெட்கம் என்ன இருக்கிறது? காய்ச்சலுக்குப் பார்ப்பதில்லையா?

கடைசியாக, எல்லா அம்மாக்களுக்கும் என் யோசனை ஒன்று. பாயசம் வைப்பதானால் முடிவு வருவதற்கு முந்தின நாளே வைத்துவிடுங்கள். நாலு முந்திரி கூடவே போடுங்கள். "எதற்கு அம்மா?" என்று பிள்ளை கேட்டால், "நீ ஒரு வேலையை எடுத்துக்கொண்டு முழுசாக முடித்தாயே, அதற்கு" என்று சொல்லுங்கள். மறுநாள் பட்டியலில் யார் பெயர் இருந்தாலும், இல்லாவிட்டாலும், அந்தப் பாயசம் கசக்காது.

அடுத்த இதழில், பனிக்காலத்தில் கைக்குழந்தைகளுக்கு வரும் சளியைப் பற்றிப் பேசுவோம்.